குரலும் நரம்பும் றபானும்: கல்முனைக் கரையோர இசைமரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இசைக் கருவிகளுள் மனிதக் குரலுக்கு மிக அணித்தாக நிற்பன நரம்புக் கருவிகளே என்பது தமிழர் நெடுங்காலமாகக் கொண்டிருந்த கருத்தாகும். மிடற்றுப் பாடலுக்கும் யாழுக்கும் உள்ள உறவைச் சிலப்பதிகாரம் இரு வேறு நிலைகளிற் காட்டுகின்றது. அரங்கேற்று காதை இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரது இலக்கணங்களைத் தனித்தனியே வகுத்துரைத்து, குழலின் வழியே யாழும் யாழின் வழியே தண்ணுமையும் நின்று இசைத்த ஒழுங்கினை விளக்குகின்றது. அது அரசவை கண்ட பேரரங்கு. கானல்வரியிலோ அரங்கில்லை, வேந்தனுமில்லை. புகார்க் கடற்கரையிலே கோவலனும் மாதவியும் ஒரே யாழை மாறி மாறி ஏந்திப் பாடுகின்றனர். கேட்போர் மிகச் சிலர். மேனாட்டார் பேரரங்க இசையினின்றும் பிரித்துச் சிற்றவை இசை என்று வழங்கும் வகைக்குத் தமிழிலக்கியம் தரும் முதன்மையான சான்று இக்கடற்கரைக் காட்சியே எனலாம். அங்கே குரலும் நரம்பும் ஒன்றையொன்று கேட்டு விடையிறுக்கின்றன. ஒன்று பிழைபட்டால் மற்றையது உணர்ந்துகொள்கின்றது.

இத்தகைய சிற்றவை இசை ஈழத்தின் கீழ்க்கரையில் எவ்வாறு வாழ்ந்தது என்பது போதிய அளவு ஆராயப்படாத பொருளாகும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலாய ஊர்களில் வாழும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்களிடையே குரலிசை வளமாக உண்டு. தோற்கருவியாகிய றபான் உண்டு. ஆயின் மரபு வழிப்பட்ட நரம்புக் கருவி இல்லை. இக்குறையைச் சமயத் தடை என்ற ஒரே சொல்லால் விளக்கிவிட்டு அமைவாரும் உளர். அயலில் வாழ்ந்த ஏனைய சமூகங்களின் இசையோடு ஒப்புநோக்கும்போது அவ்விளக்கம் முழுமையற்றதென்பது புலனாகும்.

கரையும் குடிகளும்

இன்றைய அம்பாறை மாவட்டம் 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டதாகும். அதற்கு முன்னர் மட்டக்களப்பு முதல் பொத்துவில் வரையுள்ள கரை ஒரே பண்பாட்டு நிலமாகக் கருதப்பட்டது. அந்நிலத்தில் மூன்று குடிகளின் வரலாறு பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒன்றோடொன்று பிணைகின்றது. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் புலத்தினின்றும் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் 1626ஆம் ஆண்டளவில் அவர்களுட் பலரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான். அவர்தம் தொகை நாலாயிரம் எனக் குவேறோஸ் பாதிரியார் எழுதியுள்ளார். இவர்கள் அங்கு முன்னரே வாழ்ந்த தமிழ்க் குடிகளுடனும் முஸ்லிம் குடிகளுடனும் கலந்து, தாய்வழிக் குடிமுறையினையும் நெல் வேளாண்மையினையும் பொதுவாகக் கொண்டனர். 1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பிற் கோட்டை அமைத்தனர். பத்தே ஆண்டுகளில், 1638இல், ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கோட்டை கைமாறிய போதிலும் போர்த்துக்கேய மொழி பேசிய கலப்புக் குடியினர் மட்டக்களப்பிலே தங்கிவிட்டனர். பறங்கியர் என வழங்கப்படும் இவர்கள் தச்சு, கொல்லு, இயந்திரத் தொழில் ஆகியவற்றிற் கைதேர்ந்தவர்களாய் மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தம் மொழியையும் பாடலையும் காத்து வந்துள்ளனர்.

துரத்திய வேந்தர்தம் வழித்தோன்றல்களும் துரத்தப்பட்டோர்தம் வழித்தோன்றல்களும் ஒரே கரையில் அயலவராயினர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. இவ்விரு சாராரிடத்தும் றபான் என்ற ஒரே தோற்கருவி பாடலுக்குத் துணையாய் அமைந்தமை அதனினும் விந்தையானது.

பறங்கியர் வீட்டு இசை

இலங்கைக் குடியியற் சேவையிற் பணியாற்றிய ஹியூ நெவில் என்பார் (1848–1897) பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கேயப் பாடல்களைத் திரட்டினார். அவரது கைப்பிரதி இன்று பிரித்தானிய நூலகத்திற் பேணப்படுகின்றது. அப்பாடல்களோடு இசைக்கப்பட்ட கருவிகளையும் அவர் குறித்துள்ளார். வில்லால் இசைக்கப்படும் பிடில், மாண்டலின் இனத்தைச் சார்ந்த மீட்டுகருவி, றபான் ஆகியவற்றோடு, வயோலா என்ற சொல்லின் திரிபாகிய பெயர்கொண்ட நரம்புக் கருவியொன்றும் அவற்றுள் இடம்பெறுகின்றது. பாடுவோரும் இக்கருவிகளும் ஒருங்கே கூடும் இடம் பெரும்பாலும் திருமண வீட்டு மண்டபமே. அமைதியான நடையிற் செல்லும் பாடல்களும், கப்றிஞ்ஞா எனப்படும் விரைந்த ஆடற்பாடல்களும் அங்கே இடம்பெற்றன.

குரல், வயோலா வகை நரம்புகள், தோற்கருவி என்னும் இம்மூன்றும் ஒரு வீட்டுக் கூடத்திற் கூடிய இசையவையை நமது கரையிலேயே காண்கிறோம். கொழும்பு நகரத்து ஆங்கிலங் கற்றோரின் மண்டபங்களில் ஐரோப்பிய இசை ஒலித்ததை எடுத்துரைப்போர் பலர். தச்சரும் கொல்லரும் மட்டக்களப்பில் வளர்த்த இவ்விசையை அவர்கள் கணக்கிற் கொள்வதில்லை. கென்னத் டேவிட் ஜாக்சன் இம்மரபை நேரில் ஆராய்ந்து 1990இல் நூலாக வெளியிட்ட பின்னரே பரந்த கல்வியுலகம் இதனைக் கவனிக்கலாயிற்று.

இங்கு சொல்லாராய்ச்சி தரும் ஒரு செய்தியும் நோக்கத்தக்கது. போர்த்துக்கேய மொழியிற் பிடிலை றபேக்கா என வழங்குவர். அச்சொல் றபாப் என்னும் அறபுச் சொல்லின் வழிவந்ததாகும். வில்லால் நரம்பைத் தேய்த்து ஒலியெழுப்பும் முறை ஐரோப்பாவிற் பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில், முஸ்லிம் ஸ்பெயின் வழியாகவும் பைசாந்தியம் வழியாகவும் புகுந்ததென இசை வரலாற்றாசிரியர் கொள்வர். அவ்வழி வந்த பழங்கருவிகள் திருந்தியே பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட இத்தாலியில் வயலின், வயோலா ஆகியவற்றின் இன்றைய வடிவங்கள் தோன்றின. எனவே முஸ்லிம்களுக்கு அயலான கருவியெனக் கருதப்படும் வயோலாவின் முன்னோர் வரிசையில் அறபு நாட்டு றபாபும் நிற்கின்றது.

முஸ்லிம் ஊர்களின் குரலிசை

கல்முனைக் கரையோர முஸ்லிம்களின் இசையை மூன்று களங்களிற் காணலாம். முதலாவது வயலும் வீடும். வேளாண்மைக் காவலிரவுகளிலும் அறுவடைக் காலங்களிலும் ஆடவர் பாடிய கவிகள், பெண்கள் பாடிய கவிகள், தாலாட்டுகள் ஆகியன இக்களத்துக்குரியன. நான்கடிகளால் அமைந்த கவி தாளக்கட்டுக்கு உட்படாது, பாடுவோரின் மூச்சளவுக்கேற்ப நீண்டும் குறுகியும் இழையும். மச்சான், மச்சி என விளித்து ஒருவருக்கொருவர் விடையிறுப்பதுபோல் அமைந்த கவிகள் பல. கானல்வரிக் காட்சியின் இயல்பு இங்கே யாழின்றி நிலவுகின்றது. இரண்டாவது களம் திருமணமும் ஊர்க் கொண்டாட்டமும். கோலாட்டத்தை ஒத்த பொல்லடி, சிலம்பம், பெண்களின் குரவை ஆகியன இதன்பாற்படும். மூன்றாவது களம் சமயச் சார்பானது. மௌலிது ஓதுதல், கந்தூரி, பக்கீர்மார் றபான் கொட்டிப் பாடும் பாடல்கள், றாத்திபு ஆகியன இதனுள் அடங்கும்.

மூன்றாவது களத்தின் தலையாய இடம் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலாகும். நாகூரில் அடங்கியுள்ள ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் அமைந்த இத்தலத்தில் அன்னாரின் அடக்கத்தலம் இல்லை. அவர் நினைவே உண்டு. ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதப் பிறையோடு கொடியேற்றப்பெற்றுப் பன்னிரு நாட்கள் விழா நிகழும். அவ்விழாவிற் பக்கீர்மார் வட்டமாக அமர்ந்து றபானை முழக்கிப் பாடுவர். குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) முதலிய ஞானியரின் தமிழ்ப்பாடல்கள் கடல் கடந்து இக்கரையிற் பரவுவதற்கு இத்தகைய கூட்டங்களே வாயிலாயின.

இவ்வளவு வளமிக்க குரலிசைக்கு நரம்பு துணையாகாமைக்குக் காரணம் யாது? இலங்கை முஸ்லிம்கள் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோராவர். அம்மத்ஹபின் அறிஞருட் பெரும்பாலோர் நரம்புக் கருவிகளை விலக்கி, திருமணம் போன்ற வேளைகளில் தஃப் என்னும் வளையப் பறையை அனுமதித்தனர். இமாம் கஸ்ஸாலி (1058–1111) தமது இஹ்யா உலூமித்தீன் நூலில் இப்பொருளை விரிவாக ஆராய்ந்துள்ளார். இனிய ஒலியைக் கேட்டல் அதனளவிற் குற்றமன்று என நிறுவும் அவர், மதுவருந்துவோரின் கூட்டங்களுக்கு அடையாளமாய் அமைந்தமையாலேயே சில நரம்புக் கருவிகளும் ஊதுகருவிகளும் விலக்கப்பட்டன எனக் கொள்கின்றார். தடையின் வேர் கருவி ஒலித்த அவையிலே உள்ளது என்பது இதன் கருத்து. றபானுக்குக் கிடைத்த ஏற்பும் நரம்புக்குக் கிட்டாத ஏற்பும் இச்சட்ட மரபோடு பொருந்துகின்றன.

ஆயினும் அதே இஸ்லாமிய நாகரிகம் நரம்பிசை பற்றிய மாபெரும் அறிவுநூல்களையும் படைத்தது. அல் பாறாபி (சுமார் 870–950) இயற்றிய கிதாபுல் மூஸீக்கா அல் கபீர் என்னும் பெருநூல் ஊத், தன்பூர், றபாப் முதலியவற்றின் நரம்புகளில் ஒவ்வொரு சுரமும் நிற்கும் இடத்தைக் கணித அளவையாற் காட்டுகின்றது. எகிப்திலும் சிரியாவிலும் பின்னாளிற் சிறந்து விளங்கிய தக்த் எனப்படும் சிறு குழுவில் பாடுவோரைச் சூழ்ந்து ஊத், கானூன், பிடில், குழல், வளையப் பறை ஆகியன அமர்ந்தன. ஆகவே முஸ்லிம் சமூகம் நரம்பிசையை அறியாதது என்பது பொருந்தாது. மக்கா, மலபார், காயல், நாகூர் வழியாக இக்கரையை எட்டியது சட்ட மரபும் பக்கீர்மாரின் றபானும் ஆகும். அரசவைகளில் வளர்ந்த நரம்பிசை இங்கு வந்தெய்தவில்லை. அதனைப் புரக்கும் அரசவையோ செல்வர் மாளிகையோ வயலையும் கடலையும் நம்பிய இவ்வூர்களில் இருந்ததில்லை. சமயக் காரணமும் சமூகக் காரணமும் இங்கே இணைந்து செயற்பட்டுள்ளன.

காரைதீவில் எழுந்த தேடல்

சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே, முஸ்லிம் ஊர்கள் இருபுறமும் சூழ, காரைதீவு என்ற தமிழ்க் கிராமம் உள்ளது. 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் அங்கே பிறந்த மயில்வாகனம் பின்னர் விபுலாநந்த அடிகளாராய் உலகறியப் பெற்றார். கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்ற அவர், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாவார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார்.

அரங்கேற்று காதையின் யாழாசிரியன் பகுதியைத் தொடக்கமாகக் கொண்டு அடிகளார் மேற்கொண்ட ஆராய்ச்சியே யாழ் நூலாக விரிந்தது. பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களைக் கொண்ட இந்நூல், இருபத்தொரு நரம்புடைய பேரியாழ், பதினான்கு நரம்புடைய சகோட யாழ், ஏழு நரம்புடைய செங்கோட்டி யாழ் என்பனவற்றின் உறுப்புகளையும் சுர அளவுகளையும் பௌதிகவியலின் துணைகொண்டு கணிக்க முயல்கின்றது. அல் பாறாபி ஊத்தின் நரம்பை அளந்தவாறே அடிகளார் யாழின் நரம்பை அளந்தார் எனலாம். ஒருவர் கையிற் கருவி இருந்தது. மற்றவருக்கோ நூற்சான்றுகள் மட்டுமே இருந்தன. 1947 யூன் 5, 6ஆம் நாட்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிற் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவுடன் யாழ் நூல் அரங்கேறியது. வீணை வித்துவான் சிவானந்தம் பிள்ளை யாழ் வாசித்தார். நூற்றாண்டுகளாய் மறைந்திருந்த நரம்பொலி அன்று மீண்டும் அவையிற் கேட்டது. அதனைக் கேட்ட ஏழு வாரங்களுக்குள், யூலை 19இல், அடிகளார் மறைந்தார்.

யாழ் ஏன் வழக்கிறந்தது? யாழில் ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு சுரத்துக்கே உரியது. ஒரு சுரத்தினின்றும் மற்றொன்றுக்கு இழைந்து செல்லும் குரலின் அசைவை அதில் முற்றாகக் காட்டல் அரிது. மெட்டுகள் பதித்த வீணை அவ்வாற்றலைப் பெருமளவு பெற்றமையால் யாழின் இடத்தைக் கவர்ந்தது என்பர். அதற்கும் அப்பால், மெட்டே இல்லாத பிடில் குரலின் ஒவ்வோர் இழைவையும் பின்தொடர வல்லதாயிற்று.

வயோலாவும் குரலும்

பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) சென்னையில் ஐரோப்பியரிடம் பிடில் கற்று அதனைக் கர்நாடக இசைக்கு உரியதாக்கினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடம் 1834இல் தந்தத்தால் அமைந்த பிடிலொன்றைப் பரிசாகப் பெற்றார். நின்று வாசிக்கும் ஐரோப்பியக் கருவி தரையில் அமர்ந்து வாசிக்கும் கருவியாயிற்று. அதன் சுருதிமுறையும் பாடுவோருக்கேற்ப மாற்றப்பட்டது. பின்னாளில் மங்களம்பள்ளி பாலமுரளிகிருஷ்ணா (1930–2016) பாட்டோடு வயோலாவையும் வாசித்துக் கர்நாடக இசையில் அதற்கும் இடமுண்டெனக் காட்டினார்.

வயோலா வயலினிலும் சற்றுப் பெரியது. ஐந்து சுரம் தாழ்ந்து ஒலிப்பது. வயலினின் தடித்த நரம்பு ஐரோப்பியச் சுருதியில் வினாடிக்கு ஏறத்தாழ 196 அதிர்வுகளை எழுப்ப, வயோலாவின் தடித்த நரம்பு ஏறத்தாழ 131 அதிர்வுகளையே எழுப்பும். நம் இசைவாணர் ஒரு கட்டை என வழங்கும், ஆடவர் பாடுதற்கு இயல்பான ஆதார சுருதி அதுவேயாகும். பெண்குரலின் தாழ்ந்த சுரங்களும் வயோலாவின் நடுநரம்புகளில் அடங்கிவிடும். அதன் உடலளவு அதன் சுருதிக்குச் சிறிது குறைந்தமையால் ஒலி மங்கிக் கனிந்து கேட்கும். பாடுவோரின் குரலை மறைக்காமை இதனாற் கிட்டும் நன்மையாகும்.

ஜேர்மன் இசைமேதை பிராம்ஸ் 1884இல் வெளியிட்ட தாழ்ந்த பெண்குரல், வயோலா, பியானோ ஆகியவற்றுக்கான இரு பாடல்களுள் ஒன்று தாலாட்டாகும். அதிற் பழைய தாலாட்டு மெட்டொன்றை வயோலா தொடங்கிவைக்க, குரல் தன் பாடலோடு பின்னர் அதனுட் புகுகின்றது. மக்கள் வழக்கிலிருந்த மெட்டைச் சிதைக்காது நரம்பிடம் ஒப்படைத்து, அதன்மீது புதிய பாடலை எழுப்பும் முறை இது. தாலாட்டையும் கவியையும் செல்வமாகக் கொண்ட கல்முனைக் கரைக்கு இம்முறை சிந்திக்கத்தக்க ஓர் எடுத்துக்காட்டாகும்.

இழப்பும் கடமையும்

இம்மரபுகள் யாவும் இன்று ஒரே இக்கட்டில் உள்ளன. 1983 முதல் 2009 வரை நீடித்த போர் அயலூர்களைப் பிரித்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களிற் பெருந்தொகை உயிர்களைக் கவர்ந்தது. அதே காலையில் மட்டக்களப்பு டச்பார்ப் பகுதியில் வாழ்ந்த பறங்கியரையும் தாக்கியது. பாடலை அறிந்த முதியோர் மறைந்தபோது பாடலும் மறைந்தது. கந்தூரியையும் றாத்திபையும் ஏற்காத சமயச் சிந்தனைகள் பரவியமையாற் பக்கீர்மாரின் அவைகளும் சுருங்கின. பறங்கியரின் மொழியையும் பாடலையும் 2015 முதல் லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் ஒளி, ஒலி வடிவிற் பதிவு செய்துள்ளனர். முஸ்லிம் ஊர்களின் கவிகள் நூல்களில் அச்சேறியுள்ளன. அச்சு சொல்லைக் காக்கும். மூச்சின் நீட்சியையும் சுரத்தின் இழைவையும் அது காப்பதில்லை. யாழின் கதை இதற்குச் சான்று. இருபத்தொரு நரம்பென்னும் கணக்கு நூலில் எஞ்சியது; அந்நரம்புகள் எழுப்பிய ஒலியை மீட்க ஓர் அறிஞரின் வாழ்நாளிற் பெரும்பகுதி செலவாயிற்று.

எனவே கவி பாடும் முதியோர் வாழும் காலத்திலேயே அவர்தம் குரலை ஒலிப்பதிவு செய்து, சுர அளவைகளை ஆராய்தல் முதற்கடமையாகும். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலும், அடிகளாரின் பெயர் தாங்கிய அழகியற் கற்கை நிறுவகம் கல்லடியிலும் உள்ளன. இரண்டிற்கும் நடுவே கல்முனை உள்ளது. இப்பணிக்கு இவ்விரு நிறுவனங்களும் கைகோத்தல் இயல்பானதும் எளிதுமாகும். கவியை மேடைக்குக் கொணரும்போது அதனைத் தாளத்துள் அடைத்து வாத்தியக் குழுவின் பின்னே நிறுத்துவது அதன் உயிரைப் போக்கிவிடும். நரம்பு துணையாக வேண்டுமாயின் அது குரலின் பின்னே, குரலின் மூச்சுக்குக் காத்து நிற்றல் வேண்டும். வயோலா அதற்கு ஏற்ற கருவி. அத்துணையை ஏற்பதும் மறுப்பதும் அம்மரபுக்கு உரிய மக்களின் உரிமையாகும். நரம்பின்றியே நிறைவெய்திய பாடலைக் குறையுடையதாகக் கருதுதல் ஆய்வாளருக்குத் தகாது.

பறங்கியர் மண்டபத்திற் பிடிலோடும், கடற்கரைப் பள்ளியிற் குரலோடும் ஒலித்தது றபானே. ஒரே கருவியை இரு சமூகங்கள் தத்தம் பாடலுக்குத் துணையாக்கிய இவ்வுண்மையை முதலாகக் கொண்டு கீழ்க்கரையின் இசை வரலாறு எழுதப்படுமாயின், பிரித்துப் பேசப்பட்டு வந்த பல செய்திகள் ஒன்றாய்ப் பொருந்தும்.